சோழமண்டலக் கரையில் கப்பலேறிய 1,900 பேர்

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் இறங்கிக் கிழக்கே ஒரு மணி நேரம் நடந்தால் தேவனாம்பட்டினம் கடற்கரை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் குழந்தை குட்டிகளோடு போய், சுண்டல் வாங்கித் தின்று, காற்று வாங்கித் திரும்புகிற இடம். பக்கத்திலேயே கெடிலம் கடலில் கலக்கிறது. அங்கே புனித டேவிட் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது வந்தால், ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்தான் என்று காட்டுகிறோம். 1756ல் அவன் இங்கே கவர்னராக வந்தது உண்மைதான். ஆனால் கிளைவ் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் உண்டு. 1622, 1623 ஆகிய இரண்டே வருஷங்களில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ 1,900 பேரை டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கி ஏற்றிச் சென்றது. அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

அவர்கள் ஏன் வாங்கப்பட்டார்கள் என்பது புரிய வேண்டுமானால், நாம் கொஞ்ச தூரம் கடல் கடந்து போக வேண்டும்.

ஜாவாவுக்கும் வெகு கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில், பாண்டா என்று ஒரு சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நம் தாலுகா ஒன்றின் அளவுக்குக் காணாது. கைக்குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் நம் வீட்டுப் பாட்டிமார் கல்லில் உரைத்துக் கொடுக்கிறார்களே ஜாதிக்காய், அது அந்தக் காலத்தில் உலகிலேயே அந்தத் தீவுகளில் மட்டுந்தான் விளைந்தது. அதன் மேல் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரியும் அங்கிருந்துதான் வந்தது. ஐரோப்பாவில் பிரபுக்களின் சமையலறைக்கும் வைத்தியனின் பெட்டிக்கும் அது வேண்டும். பாண்டாவில் வாங்கிய விலைக்கும் ஆம்ஸ்டர்டாமில் விற்ற விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

பாண்டா ஜனங்கள் ஜாதிக்காயைக் கொடுத்து அரிசி வாங்குவார்கள், சவ்வரிசி மாவு வாங்குவார்கள், துணி வாங்குவார்கள். எந்தத் துணி? வெள்ளைக்காரனின் கம்பளித் துணியை அந்த வெயில் நாட்டில் யார் உடுத்துவார்கள்? அவர்கள் கேட்டது நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. சாயவேர் போட்டுச் சிவப்பேற்றிய துணி, பூ எழுதிய துணி, கட்டம் போட்ட துணி. வெள்ளியைக் கொண்டுபோய் நீட்டுவதைவிட இந்தத் துணியைக் கொண்டுபோய் நீட்டினால் லாபம் அதிகம் என்பதை டச்சுக்காரன் சீக்கிரமே கண்டுகொண்டான். ஹெண்டிரிக் பிரௌவர் என்ற கம்பெனி அதிகாரி 1612லேயே சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடது கை என்று வர்ணித்தான். அவன் பார்த்த பார்வையில் நம் நாடு ஒரு கை. அந்தக் கையின் ஒரு விரல் நம் ஊர்.

அந்த விரலை அவன் முன்னமே பிடித்திருந்தான். 1608ல் செஞ்சி நாயக்கனிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர் தேவனாம்பட்டினத்தில் கால் வைத்தார்கள். நாம் வாய்ப்பேச்சில் திருப்பாப்புலியூர் என்கிறோமல்லவா, அதை அவர்கள் காதில் விழுந்தபடி தீரெபொப்பெலியர் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பது, முன்பணத்தைக் காட்டி வேறு யாருக்கும் நெய்யாமல் கட்டிப்போடுவது, நெய்து கொண்டுவந்த துணியில் அகலம் குறைவு, நூல் மட்டம் என்று சொல்லி விலையைக் குறைப்பது, இந்த வித்தையெல்லாம் அப்போதே நடந்தது. நடுவில் நம் ஊர்த் தரகு வியாபாரி இருந்தான். கழிவு என்று சொல்லிக் கூலியில் கை வைக்கிற மேஸ்திரியைப் பார்த்த பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தன் தறியில் இறங்கிய துணி எந்தக் கடலைத் தாண்டி எந்தக் காய்க்கு மாற்றப்பட்டது என்பது மட்டும் அந்த நெசவாளிக்குத் தெரியாது.

இந்த டச்சுக் கம்பெனி 1602ல் பங்குப் பணம் திரட்டி ஆரம்பிக்கப்பட்டது. கம்பெனி என்றால் கடை வைத்து வியாபாரம் செய்வது என்றுதான் நாம் நினைப்போம். இந்தக் கம்பெனிக்குச் சொந்தத்தில் பீரங்கிக் கப்பல் உண்டு, பட்டாளம் உண்டு. கோட்டை கட்டவும் யுத்தம் நடத்தவும் ஒப்பந்தம் செய்துகொள்ளவும் அதன் சர்க்கார் அதிகாரம் கொடுத்திருந்தது. 1610ல் பங்குதாரருக்கு லாபப் பங்கு கொடுக்க ரொக்கம் போதாமல் ஜாதிபத்திரியாகவே அளந்து கொடுத்தார்கள். யான் பீட்டர்ஸ்சோன் கூன் என்பவன் இதில் இளம் வியாபாரியாகச் சேர்ந்து கவர்னர் ஜெனரலாக உயர்ந்தவன். யுத்தமில்லாமல் வியாபாரம் நடக்காது, வியாபாரமில்லாமல் யுத்தம் நடக்காது என்ற கருத்தை 1614ல் மேலிடத்துக்கே எழுதி அனுப்பினான். ஒளிவு மறைவு இல்லாத மனிதன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தீவுக் கடலில் முதலில் கோட்டை கட்டியவன் போர்ச்சுகீசியன். 1511ல் அவன் மலாக்காவைப் பீரங்கியால் பிடித்தான். பின்னால் வந்த டச்சுக்காரன் அவனோடு கடலில் மோதினான்; கடைசியில் 1641ல் மலாக்காவையும் பறித்துக்கொண்டான். நடுவில் இங்கிலீஷ்காரன் வந்தான். 1618 டிசம்பரில் தொடங்கி ஜகார்த்தாவுக்கு அருகே கூனின் கப்பல்களும் சர் தாமஸ் டேல் என்பவனின் இங்கிலீஷ் கப்பல்களும் பீரங்கியால் சுட்டுக்கொண்டன. வெற்றி தோல்வி தெளிவாக இல்லை. டேல் நம் சோழமண்டலக் கரைக்கே வந்து மசூலிப்பட்டினத்தில் 1619ல் செத்துப் போனான். கூன் அதே வருஷம் ஜகார்த்தாவைக் கொளுத்தி அந்தச் சாம்பல் மேல் பத்தேவியா நகரத்தைக் கட்டினான். அதே வருஷம் லண்டனில் இரண்டு கம்பெனியும் உட்கார்ந்து, வாசனைச் சரக்கில் உனக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவு என்று பாகம் பிரித்துக் கையெழுத்துப் போட்டன. அடித்துக்கொண்டதும் அவர்களே, சேர்ந்துகொண்டதும் அவர்களே. பாண்டாக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாண்டாக்காரர்கள் செய்த குற்றந்தான் என்ன? சரக்கு முழுவதையும் டச்சுக் கம்பெனிக்கே, கம்பெனி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்து போன ஜாவா வியாபாரிக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் அவர்கள் தொடர்ந்து விற்றார்கள். அரிசி கொண்டுவருகிறவனுக்கு விற்காவிட்டால் அவர்கள் சாப்பிடுவது எதை? 1609ல் டச்சுத் தளபதி ஒருவனையும் அவனோடு வந்தவர்களையும் அவர்கள் மறித்துக் கொன்றதும் உண்டு. அன்று அந்தக் கப்பல்களோடு வந்திருந்த இளம் வியாபாரிகளில் கூனும் ஒருவன். அவன் மறக்கவில்லை.

1621ஆம் வருஷம் பதின்மூன்று பெரிய கப்பல்களோடும், சிறு படகுகளோடும், ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களோடும், கூலிக்குப் பிடித்த ஜப்பானிய வாள்வீரர்களோடும் கூன் பாண்டாவுக்கு வந்தான். மார்ச் மாதம் லோந்தோர் தீவில் படை இறங்கியது. ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். ஜனங்கள் மலையேறி ஒளிந்தார்கள். அங்கே பட்டினியால் மாண்டார்கள். பிடிபடுவதைவிட மேல் என்று பாறையிலிருந்து கடலில் குதித்தவர்களும் உண்டு. ஓராங் காயா என்று அழைக்கப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை மே மாதம் 8ஆம் தேதி ஒரு மூங்கில் பட்டிக்குள் அடைத்து, ஜப்பானிய வாள்காரர்களைக் கொண்டு வெட்டினார்கள். ஓராங் காயா என்றால் பணக்காரர் என்று அர்த்தம். அவர்கள் ஒன்றும் ஏழைகளின் தோழர்களல்லர். ஆனாலும் அந்நியன் வாள் முதலில் விழுந்தது அவர்கள் தலையில்தான். ஏறத்தாழ 880 பேரை, பெண்களும் குழந்தைகளுமாக, பத்தேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றினார்கள். வழியிலேயே பலர் செத்தார்கள். பதினையாயிரம் பேர் இருந்திருக்கலாம் என்று கணக்கிடப்படுகிற பாண்டாவில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். ஒரு நாட்டையே ஜனங்கள் இல்லாமல் துடைத்தாகிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த டைரக்டர்கள் இன்னும் கொஞ்சம் நிதானமாகச் செய்திருக்கலாம் என்று முகம் சுளித்தார்கள். சரக்கை வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. கூனின் சொந்த ஊரான ஹோர்ன் நகரத்தில் 1893ல் அவனுக்குச் சிலை வைத்தார்கள். 2011ல் ஒரு பாரந்தூக்கி இடித்து அந்தச் சிலை கீழே விழுந்தது. நிமிர்த்தி மறுபடியும் வைத்துவிட்டார்கள்.

மரம் இருக்கிறது, காய் தொங்குகிறது, பறிக்க ஆள் இல்லை. தோட்டங்களை 68 துண்டாகப் பிரித்துக் கம்பெனி தன்னுடைய பழைய சிப்பாய்களுக்கும் அலுவலர்களுக்கும் கொடுத்தது. அவர்கள் மரத்தில் ஏறுவார்களா? ஆள் வேண்டும், கூலி கேட்காத ஆள் வேண்டும். பத்தேவியாவிலும் கோட்டை கட்ட, கால்வாய் வெட்ட, மூட்டை தூக்க ஆள் வேண்டும். கம்பெனியின் கண் தன்னுடைய இடது கையின் பக்கம் திரும்பியது.

நம் பக்கத்தில் அப்போது என்ன நிலைமை? விஜயநகர வாரிசுச் சண்டையில் நாயக்கர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதி ஓய்ந்திருந்தார்கள். குதிரைப்படை போன வழியெல்லாம் பயிர் அழிந்தது. அதன் மேல் மழை பொய்த்தது. பஞ்சம் வந்தது. நிலத்தில் உரிமை இல்லாத பண்ணையாளுக்குப் பஞ்சம் என்பது இரண்டாவது வேளையை விடுவதல்ல. முதல் வேளையும் இல்லாமல் போவது. தாய் தகப்பன் பிள்ளையை விற்றார்கள். பிள்ளையாவது எங்கேயோ சோறு தின்னட்டும் என்று விற்றார்கள். தன்னையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. இப்படி வாங்கிச் சேர்த்த 1,900 பேரைத்தான் இரண்டு வருஷத்தில் ஏற்றினார்கள். இந்தக் கரையில் இருந்த கம்பெனி அதிகாரிகள் மேலிடத்துக்கு இன்னொன்றும் தெரிவித்தார்கள்: கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாமாம்!

இந்த ஒரு செய்தியைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விற்பதற்கு இன்னும் இரண்டாயிரம் பேர் கரையில் காத்திருந்தார்கள். அதாவது இரண்டாயிரம் பேர் பட்டினியோடு, தன்னை வாங்க ஒருவன் வரமாட்டானா என்று கெடிலத்து மணலில் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று நம் ஊருக்கு இருந்தது. கம்பெனியின் கணக்கில் அது வருத்தப்படத்தக்க செய்திதான்: லாபம் கைநழுவிப் போயிற்றே என்ற வருத்தம்.

டச்சுக்காரன் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. மனிதனை விற்கலாம் என்பதை இந்தக் கரைக்கு அவன் கற்பிக்கவில்லை. நிலத்தோடு சேர்த்து ஆளையும் கிரயம் எழுதுகிற வழக்கம் இங்கே முன்னமே இருந்தது. சேரிக்காரனை, அவன் பிறந்த ஜாதியைக் காட்டி, பரம்பரை அடிமையாக வைத்திருந்த பண்ணைகள் இருந்தன. பஞ்ச காலத்தில் அவனுக்குச் சோறு போடுவது நஷ்டம், விற்றுவிட்டால் காசு. களஞ்சியத்தில் நெல் இருந்தவன் அதைத் திறக்கவில்லை. உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுத்தவன் நம் பாஷை பேசியவன்தான். வரி வாங்கிய நாயக்கன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று இந்தியாவில் சட்டம் வந்ததே 1843ல்தான். அதன் பிறகும் தஞ்சை வயலில் பண்ணையாள் அடி வாங்கியது நின்றதா? 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததென்றால் அது தானாக வரவில்லை. செங்கொடி பிடித்து உதைபட்டவர்களால் வந்தது.

1622, 1623 வருஷங்களோடு கதை முடிந்துவிடவில்லை. பஞ்சமும் யுத்தமும் வரும்போதெல்லாம் கப்பல் வந்தது. 1646ல் பத்தேவியாவுக்கு ஏற்றப்பட்டவர்கள் 2,100க்கு மேல். பெரும்பாலோர் சோழமண்டலத்தின் தென்பகுதியைச் சேர்ந்தவர்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பிஜப்பூர்ப் படை சூறையாடிய காலத்தில் நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்; அதில் அதிகம் பேர் இலங்கைக்கு, சிறு பகுதி பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

மற்ற கணக்குகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பாண்டாவில் ரூன் என்ற ஒரு துளித் தீவு இங்கிலீஷ்காரனிடம் பாக்கி இருந்தது. 1667ல் பிரேடா உடன்படிக்கையில் அதைக் கைவிட்டு, அமெரிக்காவில் தான் பிடித்திருந்த டச்சுக் குடியேற்றத்தை அவன் வைத்துக்கொண்டான்; அதுதான் இன்றைய நியூயார்க். நம் ஊரை அவன் வாங்கியது 1690ல். மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, ஒரு பெரிய பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேரும் என்று பேச்சு. இருந்ததிலேயே நல்ல பீரங்கியைக் கொண்டுவந்து நாலு பக்கமும் சுட்டான். குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. உழுதவனைக் கேட்காமல் பீரங்கியைக் கேட்டு எல்லை போட்ட நிலம் அது.

பிறகு கடல் யுத்தம் நம் வாசலுக்கே வந்தது. 1758 ஏப்ரலில் கடலூருக்கு எதிரே இங்கிலீஷ் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின; ஜூனில் லாலி கோட்டையைப் பிடித்து இடித்தான். 1783 ஜூன் 20ஆம் தேதி மறுபடியும் அதே கடலில் சண்டை. இங்கிலீஷ்காரன் ஹ்யூஸிடம் 18 கப்பல், பிரெஞ்சுக்காரன் சுஃப்ரனிடம் 15 கப்பல். இரு தரப்பிலும் சேர்த்து 200 பேர் செத்தார்கள். 800 பேருக்கு மேல் காயம். ஒரு கப்பலும் மூழ்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு கடலூர்க் கோட்டைக்கு வெளியே தரையில் நடந்த சண்டையில் விழுந்தவர்கள் இதைவிட அதிகம். அவர்களில் தமிழ்ச் சிப்பாயும் உண்டு. இதில் கொடுமை என்னவென்றால், அந்த வருஷம் ஜனவரி 20ஆம் தேதியே வெர்சேயில் எஜமானர்கள் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சேதி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன சண்டைக்காக இங்கே ஆட்கள் செத்தார்கள்.

அந்த 1,900 பேர் என்ன ஆனார்கள்? பலர் காய்ச்சலிலும் வேலையிலும் மடிந்திருப்பார்கள். பாண்டாத் தோட்டத்து அடிமைகளில் சோழமண்டலக் கரை ஆட்களும் இருந்தார்கள். பத்தேவியாவில் காலப்போக்கில் விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு தனிக் கூட்டமாக ஆனார்கள். வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் கரையிலிருந்தும் போனவர்கள் கலந்த கூட்டம் அது. சொந்தப் பாஷையை இழந்து போர்ச்சுகீஸ் கலந்த ஒரு பாஷை பேசினார்கள். மார்டைக்கர் என்று டச்சுக்காரன் அவர்களை அழைத்தான். ஜகார்த்தாவின் வடக்கே தூகு என்ற ஊரில் அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கெரொன்சொங் என்ற பாட்டுக்குப் பெயர் போனவர்கள்.

மார்டைக்கர் என்ற பெயர் மெர்தேக்கா என்ற சொல்லிலிருந்து வந்தது. அடிமைத்தளை நீங்கியவன் என்று பொருள். 1945 ஆகஸ்டு 17ல் இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தபோது ஜனங்கள் தெருத் தெருவாக முழங்கிய சொல் அதே மெர்தேக்காதான். டச்சுக்காரன் திரும்பி வர வழி செய்வதுபோல் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே இறங்கியது. இறக்கப்பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் யார்? இந்தியர்கள். நவம்பர் 10ல் சுரபாயா நகரத்தைக் கப்பலிலிருந்தும் விமானத்திலிருந்தும் குண்டு போட்டுத் தாக்கினார்கள். அந்த யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்கள் சிலநூறு பேர் துப்பாக்கியோடு இந்தோனேசியர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவில், சிட்னி துறைமுகத்தில், டச்சுக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகள் இந்தோனேசியாவுக்கு ஆயுதம் ஏற்றமாட்டோம் என்று இறங்கி நின்றார்கள். கிளம்பிவிட்ட கப்பலைப் படகில் துரத்திப் போய், அதில் இருந்த இந்தியத் தோழர்களைக் கூவி அழைத்து நிறுத்தினார்கள். இதைப் படமாக எடுத்தவர் யோரிஸ் ஐவன்ஸ், அவரும் டச்சுக்காரர்தான். டச்சு சர்க்கார் கொடுத்திருந்த உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து எடுத்தார். 1949 டிசம்பர் 27ல் டச்சுக்காரன் ஆட்சியை ஒப்படைத்தான்.

பழைய கதை என்று சிலர் சொல்லக்கூடும். 2022ல் மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, அடிபட்டு, கம்ப்யூட்டரில் மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். நல்ல சம்பளம் என்று சொல்லி அனுப்பிய ஏஜெண்டும் நம் பாஷை பேசியவன்தான். விதை நெல்லுக்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளை, மில் மூடி வேலை போன வீட்டுப் பிள்ளை, இப்படிப்பட்டவனைத் தேடித்தான் ஏஜெண்டு வருகிறான். விசாவைக் காட்டினால், சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். படித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

கடலூர் மாநகராட்சிக்கும் தொல்லியல் துறைக்கும் நாம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். தேவனாம்பட்டினம் கடற்கரையில், ஜனங்கள் கூடுகிற இடத்தில், ஒரு கல் நட வேண்டும். பெரிய மண்டபம் வேண்டாம், மந்திரி வந்து திறக்கவும் வேண்டாம். 1622, 1623 என்ற இரண்டு வருஷங்களையும் 1,900 என்ற தொகையையும் தமிழில் வெட்டினால் போதும். அதன் கீழே இந்தோனேசிய மொழியிலும் வெட்டட்டும். தூகுவிலிருந்து யாராவது ஒரு நாள் வந்தால் படித்துக்கொள்வார்கள்.